வீட்டு உலைக்குப் பட்டடை: தண்டவாளமா, இரும்புக் கட்டையா, பிளேட் அடுக்கா?

வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்ன உலை வைப்பது இன்று பெரிய காரியமில்லை. பாதியாக வெட்டிய டிரம், உள்ளே களிமண் பூச்சு, ஒரு கை புளோயர், ஒரு மூட்டை கரி இருந்தால் சனிக்கிழமை ஆரம்பித்து ஞாயிறன்று நெருப்பு மூட்டிவிடலாம். சுத்தியலும் குறடும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கின்றன. பட்டடைக்கு, அதாவது காய்ந்த இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புக்கு, வரும்போதுதான் ஆட்கள் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். ஒரு பக்கம் கூரிய கொம்பு, மறுபக்கம் நீண்ட வால், நடுவில் ஒடுங்கிய இடுப்பு என்று படங்களில் பார்த்த அந்த உருவம் மனதில் பதிந்துவிடுகிறது. அப்படியொன்றை விலை கேட்டால் ஆசை பாதியாகிறது. "அட, நாமே வெல்டிங் பண்ணிக்கலாம்" என்று அடுத்த யோசனை வருகிறது.

பண்ணலாம். ஆனால் பெரும்பாலோர் அந்த உருவத்தைச் செய்யப் பார்க்கிறார்களே தவிர, பட்டடையைச் செய்யப் பார்ப்பதில்லை. நம் ஊர்க் கொல்லுப் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக அரிவாளும் கொழுவும் மண்வெட்டியும் அடித்த பட்டடைக் கல்லுக்குக் கொம்பு கிடையாது. சதுரமான ஓர் இரும்புக் கட்டை, மரத்தூணில் இறங்கி, தூண் மண்ணில் புதைந்து, முகம் மட்டும் வெளியே தெரியும். ஆசாரி தரையில் உட்கார்ந்து குறடு பிடிக்க, எதிரே நிற்பவர் சம்மட்டி போடுவார். ஜப்பானில் வாள் அடிப்பவர்களின் பட்டடையும் கொம்பில்லாத செவ்வகக் கட்டைதான். ஆகவே நான் இங்கே எல்லா வழிகளையும் ஒரே கேள்வியால்தான் அளக்கப் போகிறேன்: சுத்தியல் விழும் இடத்துக்கு நேர் கீழே, இடைவெளி இல்லாமல், எத்தனை இரும்பு இருக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு பார்த்துவிடலாம். காய்ந்த இரும்பின் மேல் விழும் அடியின் சக்தியில் ஒரு பங்கு அந்த இரும்பை நசுக்குகிறது, மீதி பட்டடையை அசைப்பதில் வீணாகிறது. வீணாகும் பங்கைக் கண்டுபிடிக்க, சுத்தியல் எடையை, சுத்தியலும் பட்டடையும் சேர்ந்த எடையால் வகுக்க வேண்டும். சுத்தியல் 1 கிலோ, பட்டடை 10 கிலோ என்றால் பதினொன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 9 சதவீதம் போய்விடும். பட்டடை 25 கிலோ ஆனால் 4 சதவீதத்துக்குக் கீழே. 50 கிலோவில் 2 சதவீதம். 100 கிலோவில் 1 சதவீதம். அதாவது தனியாளாக ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ சுத்தியலில் வேலை செய்பவருக்கு 25 முதல் 50 கிலோ போதும். அதற்கு மேல் தூக்கிக்கொண்டு அலைவதில் பெரிய லாபமில்லை. எதிரே ஒருவர் 4 கிலோ சம்மட்டி போடுவார் என்றால் கணக்கு மாறும்: 25 கிலோ கட்டையில் 14 சதவீதம் வீண், 50 கிலோவில் 7.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பட்டடை முழுவதும் ஒரே உடலாக நின்றால்தான் இது பொருந்தும். நடுவில் மெல்லிய கழுத்து இருந்தால், அல்லது இரண்டு பிளேட்டுக்கு இடையே ஒரு மயிரிழை காற்று இருந்தால், அடி விழும் நேரத்தில் மேல்பகுதி மட்டும் தனியாகத் துள்ளும். தராசு 40 கிலோ காட்டும்; சுத்தியலுக்கு அது 10 கிலோவாகத்தான் தெரியும். கீழே வரும் வழிகளில் சில சறுக்குவது இந்த இடத்தில்தான்.

முதலில் எல்லோரும் கேட்கும் தண்டவாளம்.

தண்டவாள இரும்பு நல்ல இரும்பு, அதில் சந்தேகமில்லை. நம் ரயில்வேயில் பரவலாக இருக்கும் 880 ரக இரும்பில் கார்பன் 0.6 முதல் 0.8 சதவீதம் வரை உண்டு, மாங்கனீசும் கணிசம். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்பின் கடினம் பிரினெல் அளவில் 120, 130 என்றால் இது 260 பக்கம் நிற்கும். எந்தத் தோய்ச்சலும் (காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது) போடாமலே ஒரு பட்டடை முகத்துக்குத் தேவையான உறுதியில் பாதி வழி வந்துவிடுகிறது. ஆசை வரத்தான் செய்யும்.

பிரச்சினை வடிவத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 156 மி.மீ., தலை அகலம் 67 மி.மீ., அடிப்பாகம் 136 மி.மீ. இவற்றை இணைக்கும் நடுச்சுவர் 15.5 மி.மீ. மட்டும். 60 கிலோ தண்டவாளத்திலும் நடுச்சுவர் 16.5 மி.மீ.தான். இதைப் படுக்கவைத்து, அதாவது ரயில் ஓடும் விதமாகவே வைத்து, தலையில் அடித்தால் தலையின் ஓரத்தில் விழும் ஒவ்வோர் அடிக்கும் அந்த மெல்லிய சுவர் வில்லாக வளைந்து எழும். காது கிழியும் சத்தமும் அங்கிருந்துதான் வருகிறது. தலையின் மேல்முகம் வேறு மெல்ல உருண்டது. அதைத் தட்டையாக்க ஷேப்பிங் மிஷினுக்கோ மில்லிங்குக்கோ கொடுக்க வேண்டும்; கை கிரைண்டரில் செய்தால் அரை நாளும் அரை டஜன் டிஸ்க்கும் போகும். இத்தனைக்கும் பிறகு ஒன்றரை அடித் துண்டு 23 கிலோ சொச்சம், அதிலும் அடிக்கு நேர் கீழே இருப்பது கொஞ்சம்.

அதே துண்டை நட்டமாக நிறுத்துங்கள். கதை தலைகீழாகிறது. இப்போது அடி முழு நீளத்துக்கும் நேராக இறங்குகிறது. 60 செ.மீ. துண்டு என்றால் 31 கிலோவும் சுத்தியலுக்குக் கீழேதான். முகம் சின்னதுதான், தலைப்பகுதியின் வெட்டுமுகம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே. அதனால் என்ன? சுத்தியலின் முகமே 35, 40 மி.மீ. தானே. ஒரு நேரத்தில் அதற்கு மேல் எந்த இடத்திலும் அடி விழப்போவதில்லை. நீளமான கம்பியை நேராக்கும்போதுதான் அகலமான முகம் இல்லாத குறை தெரியும்.

நட்ட தண்டவாளத்தில் இன்னொரு வசதி உண்டு. அடிப்பாகத்தின் ஒரு சிறகை கிரைண்டரால் உளிபோல் தீட்டினால் சூடான கம்பியை அதன்மேல் வைத்துத் தட்டி வெட்டலாம். மறு சிறகை உருட்டையாகத் தேய்த்தால் இரும்பை இழுத்து நீட்ட அருமையான மேடு. நடுச்சுவரின் மேல் விளிம்பு ஒடுங்கிய வேலைக்கு உதவும். கொம்பு பட்டடையில் தனித்தனிக் கருவியாகச் செருகவேண்டிய சிலவற்றை இந்த ஒரே முனையில் செதுக்கிவிடலாம். தண்டவாளத்தைக் கொம்பு பட்டடை உருவத்துக்குக் கேஸ் கட்டிங் போட்டு அறுத்து வைத்திருக்கும் படங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவு உழைப்பையும் போட்டு, இருந்த கனத்தையும் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

கேஸ் கட்டிங் என்றதும் ஒரு எச்சரிக்கை. இத்தனை கார்பன் உள்ள இரும்பைத் தீயால் வெட்டினால், வெட்டிய விளிம்பு சட்டென ஆறி கண்ணாடிபோல் கடினமாகிவிடும். அப்படியே அதன்மேல் அடித்தால் சில்லு தெறிக்கும். நீலமும் கறுப்புமாகத் தெரியும் பகுதியைத் தாண்டி இன்னும் சில மி.மீ. தேய்த்தெடுக்க வேண்டும். வெல்டிங்கும் அப்படித்தான். தண்டவாளத்தை நன்றாகச் சூடேற்றாமல், சாதாரண ராடில் ஏதாவது ஒட்டவைத்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும்.

அடுத்த விஷயம் இரும்பைப் பற்றியதல்ல. தண்டவாளத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்களிடம் சீட்டு இருக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்து சட்டவிரோத உடைமைச் சட்டத்தின்படி, திருடப்பட்டது என்று சந்தேகப்படத்தக்க ரயில்வே பொருளை வைத்திருப்பவர்தான் அது தன்னிடம் நியாயமாக வந்தது என்று காட்ட வேண்டும். முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை போடலாம். தண்டவாளத்தின் நடுச்சுவரில் உருட்டாலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் இருக்கும். 'எங்கோ கிடந்தது' என்று சொல்லித் தப்ப முடியாது. ரயில்வே ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் பில்லோடு வாங்கலாம். மூடிய ஆலைகளின் கிரேன் தண்டவாளம் கிடைத்தால் இன்னும் நல்லது, அதன் நடுச்சுவர் தடிமனானது, உயரம் குறைவு. பில் தர யோசிக்கும் கடையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி என் மனதுக்குப் பிடித்த வழி: ஒரே கட்டையாக இருக்கும் இரும்பு.

கணக்கு எளிது. இரும்பு ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம். 10 செ.மீ. சதுரம், 30 செ.மீ. உயரம் என்றால் 23.5 கிலோ. 15 செ.மீ. சதுரம், அதே உயரம் என்றால் 53 கிலோ. உருளை ஷாஃப்டில் 15 செ.மீ. விட்டம், 30 செ.மீ. உயரம் 41 கிலோ சொச்சம், 20 செ.மீ. விட்டம், 20 செ.மீ. உயரம் 49 கிலோ. எதை எடுத்தாலும் நட்டமாக நிறுத்தினால் முழு எடையும் அடிக்குக் கீழே வந்துவிடும். வெல்டிங் இல்லை, இடைவெளி இல்லை, கழுத்து இல்லை.

எங்கே கிடைக்கும்? தடித்த பிளேட்டைக் கேஸில் வெட்டும் இடங்களில் ஓரத்துண்டு மீதியாகும். திருச்சியில் துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பாய்லர் வேலை எடுத்துச் செய்யும் பட்டறைகள் ஏராளம். 80, 100 மி.மீ. பிளேட் அங்கே அதிசயமில்லை. கோவையில் பம்ப், மோட்டார் செய்யும் லேத் பட்டறைகளில் ஷாஃப்ட் கட் பீஸ் கிடைக்கும். பழைய இரும்புக் கடையில் கேட்கும்போது பட்டடை என்று சொல்லாதீர்கள். சொன்னால் ஒன்று புரியாது, அல்லது விலை ஏறும். "அண்ணே, தடி ஷாஃப்ட் கட் பீஸ் இருக்கா? ஆறு இஞ்சுக்கு மேல, ஒரு அடி ஒசரம் போதும்" என்றால் அவரே உள்ளே கூட்டிப்போவார். பழைய இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் கேட்பார். கொடுக்கலாம்.

'எம்.எஸ். இரும்பு மெத்து, முகம் குழிவிழும்' என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எப்போது என்று பார்க்க வேண்டும். மஞ்சளாகக் காய்ந்த இரும்பு, குளிர்ந்த எம்.எஸ். கட்டையைவிடப் பலமடங்கு மெத்து. நசுங்குவது அதுதான், கட்டை அல்ல. கட்டையில் குழி விழுவது இரண்டு காரணங்களால்: சுத்தியல் தவறி நேராக முகத்தில் இறங்குவது, இரும்பு ஆறி கறுத்த பிறகும் விடாமல் அடிப்பது. முதல் ஆறு மாதம் இரண்டும் நடக்கும். நடக்கட்டும். எம்.எஸ். கட்டை வடுவை வாங்கிக்கொள்ளும், சில்லு தெறிக்காது. தோய்ச்சல் போட்ட விளிம்பில் சுத்தியல் விளிம்பு மோதினால் தெறிக்கும் துண்டு கண்ணுக்கு வரும். ஆண்டுக்கு ஒருமுறை ஃபிளாப் டிஸ்க் போட்டு முகத்தைச் சமன் செய்தால் கட்டை திரும்பவும் புதுசு. கற்றுக்கொள்கிறவருக்கு மெத்தான கட்டை குறை இல்லை என்பதே என் கட்சி.

ஆனாலும் கடினமான முகத்தில் ஒரு சுகம் உண்டு, மறைக்க மாட்டேன். சுத்தியல் தானாக மேலே எழும். நாள் முழுக்க அடிப்பவரின் தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அது வேண்டுமென்றால் ஷாஃப்ட் வாங்கும்போதே இ.என். 8, இ.என். 24 ரகமா என்று விசாரியுங்கள். இ.என். 8-இல் கார்பன் 0.4 சதவீதம் அளவில் இருக்கும். தடித்த கட்டையில் மேல்தோல் மட்டும் கொஞ்சம் ஏறும். இ.என். 24-இல் நிக்கலும் குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்திருப்பதால் ஆழம் வரை கடினமாகும். அது வழக்கமாகக் கடைக்கு வரும் பதத்திலேயே தண்டவாளத்துக்கு இணையான கடினத்தில் இருக்கும் என்பதால், மேலே எதுவும் செய்யாமல் அப்படியே பட்டடையாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே தோய்ச்சல் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். 50 கிலோ கட்டையை 850 டிகிரிக்குக் காய்ச்சி, 200 லிட்டர் டிரம் தண்ணீரில் இறக்கினால் அத்தனை தண்ணீரின் சூடும் 30 டிகிரிக்கு மேல் கூடிவிடும். அது கூடப் பரவாயில்லை. கட்டையைச் சுற்றி நீராவி ஒரு போர்வையாக நின்றுகொண்டு தண்ணீரைக் கிட்டவே விடாது. முகம் எதிர்பார்த்தபடி இறுகாது. முகத்தின் மேல் தண்ணீர் வேகமாகப் பாய்ந்துகொண்டே இருந்தால்தான் வேலை ஆகும். அந்த எடையைச் செக்கச்சிவந்த நிலையில் தூக்க ஆள் வேறு வேண்டும். கோவையிலும் அம்பத்தூரிலும் ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் இடங்களில் கிலோ கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு முறையாகச் செய்து தருவார்கள். என்ன ரக இரும்பு என்று நீங்கள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வகையில் கிடைப்பதற்கரிய ஒன்று உண்டு: ஃபோர்ஜிங் ஆலையில் தேய்ந்து கழித்த டை கட்டை, அதாவது காய்ந்த இரும்பை அடித்து உருக்கொடுக்கும் அச்சு. சிங்கம்புணரி, விராலிமலை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அப்படிப்பட்ட ஆலைகள் இருக்கின்றன. அடி வாங்குவதற்கென்றே செய்து தோய்ச்சல் போட்ட இரும்பு அது. ஒரு பக்கத்தில் அச்சுக்குழி இருக்கும். திருப்பிப் போட்டால் மறுபக்கம் முகம். குழியையும் வீணாக்க வேண்டாம், வளைந்த வேலைக்கு அதுவே அச்சு. வாங்கும்முன் குழியைச் சுற்றி நூல்போன்ற விரிசல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எடைதான் தொல்லை. நூறு கிலோவுக்குக் குறைந்து சின்ன டை அகப்படுவது அதிர்ஷ்டம்.

மூன்றாவது, பிளேட் அடுக்கு. பெரிய கட்டை அகப்படாத ஊரில் 20, 25 மி.மீ. பிளேட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சுற்றிலும் வெல்டிங் ஓட்டி, 'கட்டை' என்று வைத்துக்கொள்கிறார்கள். ஓரம் மட்டும்தான் ஒட்டியிருக்கும். நடுவில் ஒவ்வொரு பிளேட்டுக்கும் இடையே காற்று. நடுவில் அடித்தால் மேல் பிளேட் தொம் தொம்மென்று தனியாக ஆடும். எடை போட்டால் 50 கிலோ, அடித்தால் மரக்கட்டை.

அதே பிளேட்டுகளைப் புத்தக அலமாரியில் நிற்பதுபோல் நிமிர்த்தி, பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பாருங்கள். 20 மி.மீ. பிளேட் ஐந்து, ஒவ்வொன்றும் 20 செ.மீ. உயரம், 30 செ.மீ. நீளம். முகம் 10 செ.மீ. அகலம், எடை 47 கிலோ. இப்போது அடி விழும் ஒவ்வொரு பிளேட்டும் மேலிருந்து கீழ்வரை முறியாத ஒரே இரும்பு. இடைவெளி இருந்தாலும் அது அடியின் திசைக்குக் குறுக்கே இல்லை. மேல் மூட்டுகளை வி வடிவில் குடைந்து, 7018 ரக வெல்டிங் ராடில் நிரப்பி, தேய்த்துச் சமன்படுத்தினால் கோடு கூடத் தெரியாது. பக்கங்களில் துளை போட்டு தடித்த போல்ட்டால் இறுக்கிவிட்டு வெல்டிங் ஓட்டினால் பிளேட் கோணிக்கொள்ளாது. இரும்பின் விலை ஒன்றுதான், படுத்த அடுக்குக்கும் நிமிர்ந்த அடுக்குக்கும். பலன் வானத்துக்கும் பூமிக்கும்.

வெல்டிங் செலவைக் கூட்டிப் பார்த்தால் இது கட்டையைவிட மலிவில்லை. நீங்களே வெல்டராக இருந்தால் மட்டுமே லாபம். ஒன்று கூடுதலாகக் கிடைக்கும்: நடு பிளேட்டை ஓர் ஓரத்தில் கொஞ்சம் குட்டையாக விட்டால் சதுரக் குழி தானாக அமைந்துவிடும். வெட்டுளி, வளைப்பு முளை போன்றவற்றை அதில் செருகலாம். முழுக் கட்டையில் அப்படி ஒரு சதுரக் குழி குடைவது பெரும்பாடு.

மேலே லாரி ஸ்பிரிங் பட்டையை வைத்து ஒட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். பட்டை இரும்பு அருமையானது. நம் அரிவாள்களே அதிலிருந்துதான் பிறக்கின்றன. ஆனால் பட்டை பிறப்பிலேயே வளைந்தது, 12 மி.மீ. சுமார் தடிமன். ஓரம் சுற்றி வெல்டிங் ஓட்டினால் நடுவில் பொந்து. வெல்டிங் சூட்டில் ஓரத்துத் தோய்ச்சல் போய்விடும், அல்லது விரிசல் காணும். போல்ட் போட்டாலும் பொந்து பொந்துதான். பழைய இங்கிலாந்துப் பட்டடைகளும் மெத்தான தேனிரும்பு உடல்மேல் எஃகு முகம் வைத்தவையே, அதை ஏன் நாம் செய்யக்கூடாது என்று கேட்பார்கள். அவர்கள் இரண்டையும் வெண்சூட்டில் காய்ச்சி, ஆட்கள் சூழ நின்று சம்மட்டியால் அடித்து, முகம் முழுவதும் ஒன்றாக்கினார்கள். ஓரம் ஒட்டும் வெல்டிங்கும் அதுவும் ஒன்றல்ல. கடின முகம் கட்டாயம் வேண்டுமென்றால் கட்டையைச் சூடேற்றி, முகம் முழுக்க ஹார்ட் ஃபேசிங் ராடால் (கடினமான படிவு தரும் வெல்டிங் ராட்) வரிவரியாக நிரப்பித் தேய்ப்பது நடைமுறையில் நடக்கும் வழி. ராடும் மின்சாரமும் கை வலியும் சேர்த்தால் ஒரு நல்ல இ.என். 24 துண்டின் விலை வந்துவிடும்.

சின்ன வழிகள் சிலவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 8, 10 கிலோ சம்மட்டித் தலையை மரக்கட்டையில் பாதி புதைத்தால் கத்தி, உளி அளவு வேலைக்குத் தாராளம்; முகம் ஏற்கெனவே தோய்ச்சல் போட்டது. ஃபோர்க்லிஃப்டின் நாக்கு நல்ல உலோகக்கலவை, நட்டமாக வைத்தால் உதவும், கனம் போதாது. ஜே.சி.பி. பின் உருண்டையாக அழகாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் பக்கத்தோல் மட்டும் கடினமாக்கியது, வெட்டிய முனை மெத்தாகவே இருக்கும். அதனால் பட்டடையைவிடக் கொம்புக்கு ஏற்றது. எச். பீம், ஐ. பீம் துண்டுகளை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் அது ஸ்டாண்டுக்குத்தான்.

செய்யாமல் வாங்குவதையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்காவிட்டால் நியாயமில்லை. சந்தையில் மலிவாக, பெயின்ட் அடித்து, கொம்பும் வாலுமாக வருவதில் பெரும்பகுதி வார்ப்பிரும்பு. உருவம் பட்டடை, உள்ளே அடுப்புக்கட்டி இரும்பு. விளிம்பு உதிரும், வால் ஒடியும், சுத்தியல் எழாது. கை கிரைண்டரைப் படாத மூலையில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். வார்ப்பிரும்பில் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக விழும்; எம்.எஸ். இரும்பில் நீண்ட மஞ்சள் கோடுகள். கார்பன் ஏறிய எஃகில் கோட்டின் முனை கிளைகிளையாக வெடிக்கும். ஃபோர்ஜிங் செய்த புதுப் பட்டடைகளும் கிடைக்கின்றன, நல்லவையும் இருக்கின்றன. விலையைக் கிலோவால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பழைய வெள்ளைக்காரன் காலத்துப் பட்டடை எப்போதாவது ஒரு ஆலைக் கழிவில் தட்டுப்படும். அதன் பக்கத்தில் 1–2–10 என்பதுபோல் மூன்று எண் வெட்டியிருந்தால் அது எடை: முதல் எண்ணை 112-ஆலும், இரண்டாவதை 28-ஆலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டினால் பவுண்டு கணக்கு. 112, 56, 10 சேர்ந்து 178 பவுண்டு, அதாவது 81 கிலோ. அது விலைக்கு வந்தால் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு வாங்கிவிடுங்கள். ஒரு விஷயம்: கணீரென்று ஒலித்தால்தான் நல்ல பட்டடை என்றொரு நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் 1840-களிலிருந்து ஃபிஷர் கம்பெனி செய்த பட்டடைகள் வார்ப்பிரும்பு உடலில் எஃகு முகத்தை உருக்கோடு சேர்த்து வார்த்தவை. அடித்தால் ஓசையே எழாது, ஆனாலும் இன்றுவரை தேடி வாங்குகிறார்கள். ஒலியைவிட எழும்புதல் முக்கியம். ஒரு பேரிங் குண்டை 25 செ.மீ. உயரத்திலிருந்து முகத்தில் விடுங்கள். 17, 18 செ.மீ. திரும்பி வந்தால் நல்ல கடின முகம். சொத்தென்று பாதிக்கும் கீழே நின்றால் மெத்தான இரும்பு, அல்லது உள்ளே பொந்து. முகத்தின் ஓரிடத்தில் மட்டும் குண்டு செத்து விழுந்தால் அங்கே முகம் உடலைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள்.

ஸ்டாண்டை மட்டும் அவசரத்தில் முடித்துவிடாதீர்கள். 30 கிலோ கட்டை கனமான அடித்தளத்தில் ஆடாமல் நின்றால், ஆடுகிற 50 கிலோவைவிட நன்றாக வேலை செய்யும். புளியமரம், கருவேலம், வாகை மூன்றில் எந்தத் தடித் துண்டு கிடைத்தாலும் சரி. கறிக்கடையில் புளியங்கட்டை போடுவது சும்மா இல்லை, பிளக்காது. மரத்தில் கட்டையின் அளவுக்குச் சரியாகக் குழி தோண்டி 5, 6 செ.மீ. இறக்கி, சுற்றிலும் ஆப்பு அடித்துவிடலாம். மரம் கிடைக்காத மாடிவீட்டுக்காரர் பெரிய டிரம்மில் மணலைக் கெட்டியாக நிரப்பி அதன்மேல் பலகை போட்டு நிறுத்தலாம், சத்தமும் பாதியாகும். நட்ட தண்டவாளம் ஒலித்தால் பக்கத்தில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை ஒட்டிவிடுங்கள், அடங்கிவிடும். நின்று வேலை செய்பவருக்கு முகம், கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி தொடும் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு செங்கல் உயரம் தவறினாலும் மாலையில் இடுப்பு சொல்லும். நம் பழைய முறையில் உட்கார்ந்து அடிப்பதென்றால் முகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருந்தால் போதும், தூணை மண்ணில் புதைத்துவிடலாம். அதைப்போல ஆடாத ஸ்டாண்டு வேறில்லை. வாடகை வீட்டில் மட்டும் செய்யாதீர்கள்.

யாருக்கு எது என்று கேட்டால்: பழகத் தொடங்குபவர், தனியாள், மாதத்தில் நாலு ஞாயிறு அடிப்பவர் என்றால் 25 முதல் 40 கிலோ ஷாஃப்டோ பிளேட் கட்டையோ, எம்.எஸ். ஆனாலும் பரவாயில்லை. கத்தி மட்டுமே அடிக்கப் போகிறவர், பில்லோடு தண்டவாளம் கிடைக்கிறவர் என்றால் அதை நட்டமாக. வெல்டிங் கையில் இருக்கிறவர், செருகுகுழி வேண்டுமென்பவர் என்றால் நிமிர்ந்த பிளேட் அடுக்கு. சம்மட்டி போட ஆள் வைத்துத் தொழிலாகவே செய்யப் போகிறவர் டை கட்டையையோ, ஹீட் ட்ரீட்மென்ட் செய்த இ.என். 24-ஐயோ தேடட்டும்; முதலில் எம்.எஸ். கட்டையில் தொடங்கி ஓராண்டு கழித்து அதற்குப் போனாலும் பணம் வீணாகாது, பழைய கட்டை பழைய இரும்பு விலைக்கு அப்படியே போகும்.

கடைக்குப் போகும்போது அளவு டேப், ஒரு பழைய அரம், ஒரு பேரிங் குண்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். அரம் வழுக்கினால் கடினம், வெண்ணெயாகக் கடித்தால் எம்.எஸ். வீட்டுக்கு வந்ததும் இரண்டு முனைகளையும் ஒன்றுக்கொன்று இணையாக லேத்தில் சீவச் சொல்லுங்கள். உருளைக் கட்டையின் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவினால் நேர் விளிம்பும் கிடைக்கும். அந்த விளிம்பைக் கூராக விடாமல் பாதி நீளம் 3 மி.மீ., மீதி 6 மி.மீ. அளவுக்கு உருட்டிவிடுங்கள், கூர் விளிம்பில் வைத்து அடித்தால் காய்ந்த இரும்பில் விழும் படிக்கட்டு போன்ற முனை மடிந்து, இரும்புக்குள் விரிசலாக நிற்கும். கொம்பு கேட்கும் வேலை, வளையமோ கொக்கியோ வந்தால், 50 மி.மீ. ஷாஃப்ட் துண்டு ஒன்றை லேத்தில் கூம்பாகக் கடைந்து, ஒரு சதுரக் கம்பியில் வெல்டிங் வைத்து, அதே மரக்கட்டையின் இன்னொரு மூலையில் அடித்து இறக்கிக்கொள்ளலாம்.